மேப் இல்லாத மலைக்குள் போக எரிக் ஷிப்டன் எப்படித் திட்டமிட்டார்?

ட்ரெக்கிங் கிளம்பும் முன் போனில் ரூட்டை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்வீர்கள், இல்லையா? ரூட்டே இல்லாத இடம் என்றால் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவீர்கள்? எரிக் ஷிப்டன் சாப்பாட்டு மூட்டையிலிருந்து தொடங்கினார்.

1907ல் இலங்கையில் பிறந்தவர். அப்பா தேயிலைத் தோட்டக்காரர், மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். பிறகு பிழைப்புக்காகக் கென்யாவின் காபித் தோட்டங்களுக்குப் போனவருக்கு, மலையேறுவதில் ஒரு கூட்டாளி அங்கேதான் கிடைத்தார்: பில் டில்மன்.

1934ல் இருவரும் குறிவைத்தது இன்றைய உத்தராகண்டில் உள்ள நந்தா தேவியை. உயரம் 7,816 மீட்டர். சுற்றிலும் கோட்டைச் சுவர் மாதிரி சிகரங்கள். ரிஷி கங்கை ஆறு மட்டும் ஓரிடத்தில் அந்தச் சுவரை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதற்குள் நுழைந்து அடிவாரம் வரை போனவர்கள் அதுவரை யாரும் இல்லை. ஹியூ ரட்லெட்ஜ் பலமுறை முயன்று, 1932ல் தெற்குக் கணவாயையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

ஷிப்டனின் கணக்கு சிம்பிள். ஆள் கூடினால் அரிசி கூடும். அரிசியைச் சுமக்க இன்னும் ஆள், அந்த ஆளுக்கும் அரிசி. அதனால் மொத்தமே ஐந்து பேர்: இவர்கள் இருவர், ஷெர்பாக்கள் அங்தார்கே, பசாங், குசாங். ஷெர்பாக்கள் சாப்பிடுவதையே எல்லோரும் சாப்பிட்டார்கள். கப்பல் கட்டணம் உட்பட, ஐந்து மாதப் பயணத்தின் செலவு 300 பவுண்டுக்கும் குறைவு.

சுமைகூலிகள் பாதியில் திரும்பிவிட, மீதியை ஐவரும் நடை நடையாகச் சுமந்தார்கள். மலையிடுக்கின் கடைசி 4 மைலுக்கு 9 நாள் ஆனது. உள்ளே போனால் புல்வெளி, காட்டு ஆடுகள்! பருவமழை வந்ததும் வெளியேறிவிட்டார்கள்.

அடுத்தது பத்ரிநாத்திலிருந்து கேதார்நாத் பக்கம் மலையைத் தாண்டுவது. ஒரே பூசாரி ஒரே நாளில் இரண்டு கோயிலிலும் பூஜை செய்தார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை ஷிப்டனுக்கு. ஆனால் மறுபக்கம் செங்குத்தான சரிவு, அடர்ந்த மூங்கில் காடு, விடாத மழை. சாப்பாடு தீர்ந்து, மூங்கில் குருத்தையும் மரக் காளானையும் தின்று, காட்டாற்றுக்கு மரம் வெட்டிப் பாலம் போட்டுத்தான் தப்பினார்கள். எடையைக் குறைத்தவர் அவசரத்துக்கான உபரியையும் சேர்த்தே குறைத்துவிட்டார் என்பேன். இந்தப் பகுதியை மட்டும் நீங்கள் காப்பியடிக்க வேண்டாம்.

மழை ஓயும் நேரத்தில் மறுபடி நந்தா தேவிக்குள் போனார்கள். இந்த முறை வெளியே வந்தது, ரட்லெட்ஜ் கைவிட்ட அதே தெற்குக் கணவாய் வழியாக.

1951ல் எவரெஸ்ட்டுக்குத் தெற்கிலிருந்து வழி தேடிய குழுவுக்குத் தலைவர் ஷிப்டன்தான். ஆனால் 1953 பயணத்தின் தலைமை கடைசி நேரத்தில் ராணுவ அதிகாரி ஜான் ஹண்ட்டுக்குப் போனது. பெரிய குழு, பெரிய சுமை என்ற பாணி ஷிப்டனுக்கு ஒத்துவராது என்பது லண்டன் கமிட்டிக்குத் தெரியும். அந்த முடிவில் நியாயம் இருந்தாலும், அதைச் செய்த விதம் கொஞ்சம் மோசம்தான்.

நந்தா தேவியின் உட்பகுதி 1980களின் தொடக்கத்திலிருந்து மலையேறிகளுக்கு மூடப்பட்டிருக்கிறது, உங்களுக்கு பெர்மிட் கிடைக்காது. ஷிப்டனோ எவரெஸ்ட் கைநழுவிய பிறகும் நிறுத்தவில்லை. 1960-61ல், 53 வயதில், மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு படகோனியாவின் பனிப்பரப்பை 52 நாளில் கடந்தார். 1977ல் இறந்தார்.