லூர்து நகரின் தாழ்ச்சி மலர்

லூர்து மாதா கெபியின் முன் செபமாலை சொல்லாதவர் நம்மில் யார்? ஆனால் மாதாவின் எதிரே முழந்தாளிட்டிருக்கும் சிறுமியின் சுரூபத்தை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருக்கிறோம்? அவள்தான் பெர்நதெத். புனிதையை 'அவள்' என்பதா எனப் பெரியவர்கள் கடிந்துகொள்ளக் கூடும். மாதாவைக் கண்டபோது அவளுக்கு வயது 14. பத்தாம் வகுப்பினராகிய எங்களுக்குத் தங்கை முறை. ஆகவே பொறுத்தருள்க!

1844 ஜனவரி 7ஆம் நாள், பிரான்சு நாட்டு லூர்து நகரில், மாவு ஆலைக்காரர் ஒருவரின் மூத்த மகளாய்ப் பிறந்தாள். தொழில் நொடித்துப்போக, கைவிடப்பட்ட பழைய சிறைக்கூடத்தின் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் ஒண்டிக்கொண்டது. ஈளை நோய் அவளை விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஞானோபதேசம் மனதில் நிற்காமல் புதுநன்மையும் தள்ளிப் போயிற்று.

1858 பிப்ரவரி 11 அன்று சுள்ளி பொறுக்கப் போன இடத்தில், மசபியேல் கெபியில், முதற் காட்சி. ஜூலை 16க்குள் 18 முறை. போலீசார் மிரட்டினர், பங்குக்குருவும் எளிதில் நம்பவில்லை. அதைவிடக் கடினமான சோதனை பின்னால் வந்தது. அதுதான் புகழ்! கூட்டங் கூட்டமாய் வந்தவர்கள் கையில் காசைத் திணித்தார்கள், செபமாலையை மந்திரித்துத் தரச் சொன்னார்கள். தான் குருவல்ல என்று செபமாலையைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் வறுமை தாண்டவமாடியும் காசைத் தொடவில்லை. தம்பி ஒருமுறை காசு வாங்கி வந்துவிட்டான். கன்னத்தில் ஓர் அறை கொடுத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் செய்தாள். தாழ்ச்சி என்றால் தலைகுனிந்து வாய்மூடி நிற்பது என்றே அதுவரை நாங்கள் எண்ணியிருந்தோம்.

1866இல் நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். காட்சிகளின் வரலாற்றைச் சகோதரிகள் அனைவர் முன்பும் ஒருமுறை சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசலாகாது என்பது கட்டளை. மறு ஆண்டு வார்த்தைப்பாடு கொடுத்த நாளில் மற்றவர்களுக்கெல்லாம் பணியிடம் குறிக்கப்பட்டது. இவருக்கு மட்டும் இல்லை. எதற்கும் உதவாதவர் என்று தலைமைத் தாயார் ஆயரிடம் எல்லார் முன்பும் கூறினார். பரிசளிப்பு விழாவில் நம் பெயர் விடுபட்டால் இரண்டு நாள் சோறு இறங்குவதில்லை! அவரோ அது உண்மைதான் என்று அமைதியாய் ஏற்று, நோயாளிகள் அறையில் பணிவிடை செய்யப் போனார்.

ஒருநாள் ஒரு சகோதரி கெபியின் படத்தைக் காட்டினார். பெருக்கி முடித்ததும் துடைப்பத்தை என்ன செய்வோம் என்று கேட்டார் பெர்நதெத். கதவுக்குப் பின்னால் வைப்போம் என்றார் அச்சகோதரி. மாதாவும் தம்மை அப்படித்தான் பயன்படுத்தி மூலையில் வைத்துவிட்டார்கள், அங்கேயே தமக்கு மகிழ்ச்சி என்றாராம்.

சொல்லோடு நிற்கவில்லை. 1876இல் லூர்து பேராலயம் அபிஷேகம் செய்யப்பட்டபோதும் அவர் அங்கே போகவில்லை. காசநோய் முழங்கால் எலும்பை அரிக்க, 1879 ஏப்ரல் 16இல் தமது 35ஆம் வயதில் நெவேரிலேயே இறந்தார். 1933 டிசம்பர் 8இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் புனிதர் பட்டம் வழங்கினார். அவரது உடல் இன்றும் நெவேர் மடத்துச் சிற்றாலயத்தில்தான் இருக்கிறது. லூர்துக்குப் போகும் திருப்பயணிகள் மாதாவின் கெபியைக் காண்கிறார்கள்; பெர்நதெத் அங்கே இல்லை.