மார்மைட் போத்தலும் லூசி வில்ஸும்

யாழ்ப்பாணத்தில் காய்ச்சல்காரருக்குச் சுடுதண்ணீரில் மார்மைட் கரைத்துக் கொடுத்தவர்கள் நாம். ஜெர்சி சிட்டிக்கு வந்தபின்னும் அந்தக் கறுத்தப் பசையைக் கடைகடையாகத் தேடியிருக்கிறோம். அதை மருத்துவ ஏடுகளில் ஏற்றியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர்.

1888இல் பிறந்த அவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகள் கடும் இரத்தச்சோகையால் இறந்துகொண்டிருந்தனர். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்துக் குறித்தார். மிக மோசமான உணவு உண்ட ஏழை முஸ்லிம் பெண்களிடமே நோய் அதிகம். ஆனால் அவர்களுக்குக் குறை உணவில் மட்டுமா? வறுமையும் தொற்றும் அடுத்தடுத்த பிரசவங்களும் சேர்ந்தே வந்தன. பார்த்துக் கணக்கெடுப்பதால் மட்டும் எது காரணம், எது கூட வந்தது என்று பிரிக்க முடியாது.

ஆகவே அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கும் இரத்தச்சோகை வந்தது. பரிசோதனை என்றாலே முடிந்த முடிவு என்று நம்பும் நாம் இங்கே சற்று நிற்க வேண்டும்: எலிகளின் மேல் பேன் இருந்தது, அது பரப்பிய தொற்று முடிவைக் குழப்பிவிட்டது. லூசி சளைக்கவில்லை. குரங்குகளில் மீண்டும் செய்தார். நோயாளிகளுக்கு மலிவான மார்மைட்டைக் கொடுத்தபோது அவர்கள் விரைவாகத் தேறினர். 1931இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. அதற்கிடையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றியிருந்தார்.

மார்மைட்டுக்குள் இருந்த பொருள் எதுவென்று அப்போது தெரியாது. 1941இல் டெக்சாஸில் பசளிக்கீரையிலிருந்து பிரித்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் அதைச் செயற்கையாக உருவாக்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. இடம், எமது நியூ ஜெர்சி எல்லையோரத்துப் பேர்ல் ரிவர்.

லூசி 1964இல் காலமானார். பின்னர், விற்றமின் எடுத்த தாய்மாருக்கு முதுகுத்தண்டுக் குறைபாடுள்ள பிள்ளைகள் குறைவாகப் பிறப்பதைப் பிரித்தானியாவில் கவனித்தனர். பழைய சந்தேகம் திரும்பியது: விற்றமின் எடுக்க முன்வந்தவர்கள் ஏற்கெனவே உடல்நலத்தில் அக்கறையுள்ளவர்களாக இருக்கலாமே? எனவே யாருக்கு ஃபோலிக் அமிலம், யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக்குலுக்கல் போலத் தீர்மானித்து, ஏழு நாடுகளில் பரிசோதித்தனர். பலன் தெளிவாகத் தெரிந்ததால் 1991இல் இடையிலேயே நிறுத்தினர். ஆபத்து 72 சதவீதம் குறைந்திருந்தது.

1998 முதல் அமெரிக்காவில் செறிவூட்டிய மாவில் அதைச் சேர்ப்பது கட்டாயம். இன்று வீட்டுக்கு வாங்கிவந்த பாணின் உறையைத் திருப்பிப் பார்த்தோம். அதன் பெயர் இருந்தது.