சாய் சிதாவ்

சீன நாட்டின் தென்மேற்குக் கோடியில் யுன்னான் மாநிலம் அமைந்துள்ளது. வடக்கே பனிமலையும் தெற்கே மழைக்காடும் பெற்ற அம்மண்ணின் தாவரச் செல்வம் அளவிறந்தது. ஆயினும் அச்செல்வத்தை நாட்டினரினும் அயலாரே நன்கு அறிந்திருந்தனர். ஐரோப்பியர் பலர் அங்குச் சென்று செடிகளைத் திரட்டினர். அவற்றின் உலர்ந்த மாதிரிகள் இலண்டன், பாரிசு முதலிய நகரங்களைச் சேர்ந்தன.

இக்குறையைப் போக்க முற்பட்டவருள் ஒருவர் சாய் சிதாவ். அவர் 1911ஆம் ஆண்டு செச்சியாங் மாநிலத்தில் பிறந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாமலே, பெய்சிங்கில் இருந்த ஓர் உயிரியல் ஆய்வு நிலையத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்நிலையம் 1932இல் அவரை யுன்னானுக்கு அனுப்பியது. மலையும் பள்ளத்தாக்குமாய் அலைந்து, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தாவர மாதிரிகளைத் திரட்டினார். ஒவ்வொரு கிளையையும் தாளிடை வைத்து அழுத்தி, ஈரம் போக உலர்த்தி, கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்து வைத்தல் வேண்டும். மழைநாட்டில் இஃது எளிய செயல் அன்று.

1938இல் குன்மிங் நகரில் தாவர ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டபோது அதில் முன்னின்று உழைத்தார். போர்க்காலத்தில் பொருள் முட்டுப்பாடு நேர்ந்தது. எனினும் அவர் அந்நிலையத்தைக் கைவிடவில்லை.

அவருடைய பெருஞ்செயல் 1959இல் தொடங்கியது. மாநிலத்தின் தென்கோடியிலுள்ள சிசுவாங்பன்னா, மலேரியாவுக்கு அஞ்சிப் பிறர் செல்லத் தயங்கிய பகுதி. அங்கு மெங்லுன் என்னுமிடத்தில், மீகாங் பேராற்றின் கிளையாறு வளைந்து சூழ்ந்த நிலப்பரப்பு ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். இளைஞர் சிலருடன் படகில் ஆற்றைக் கடந்தார். கத்தியால் புதர் வெட்டி வழி செய்தனர், குடிசை கட்டினர், பின் நாற்று நட்டனர். அவ்வாறு எழுந்ததே சிசுவாங்பன்னா வெப்பமண்டலத் தாவரத் தோட்டம். பிற்காலத்தில் சுற்றியிருந்த மழைக்காடுகள் பல ரப்பர்த் தோட்டங்களாக மாறின; அப்போது இத்தோட்டம் அரிய இனங்கள் பலவற்றுக்குப் புகலிடமாயிற்று.

சீன மருத்துவர் காயத்துக்கு இடும் செம்பிசின் ஒன்று உண்டு. நாகக்குருதி என்பது அதன் பெயர். பல நூற்றாண்டுகளாக அதனை அயல்நாட்டிலிருந்தே விலைக்கு வாங்கினர். அதைத் தரும் மரம் நம் காட்டிலும் இருத்தல் கூடும் என்று சாய் சிதாவ் கருதினார். அகவை அறுபதைக் கடந்த பின்னும் தேடலை விடவில்லை. 1972இல் மெங்லியான் பகுதியின் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளில் அம்மரங்களைக் கண்டார். எத்தனையோ தலைமுறையாக அங்கேயே நின்றவை அவை!

1981இல் அவர் மறைந்தார். அவருடைய சாம்பலின் ஒரு பகுதி, மெங்லுன் தோட்டத்தில் ஒரு நாகக்குருதி மரத்தின் அடியில் புதைக்கப்பட்டது.