பேக்கலைட் கண்ட பெருமகன்

சென்ற பருவத்தில் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு முகவையைப் பாழாக்கினேன். பீனாலும் பார்மலினும் கலந்த கலவையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டபொழுது, இளஞ்சிவப்புக் கட்டி ஒன்று திடீரெனத் திரண்டு கண்ணாடியைக் கவ்விக்கொண்டது. சுரண்டியும் காய்ச்சியும் பார்த்தேன், அசையவில்லை. முகவைக்குப் பணம் கட்டியதுதான் மிச்சம். பீனாலையும் ஆல்டிஹைடுகளையும் கலந்த பேயர் என்னும் ஜெர்மானிய மேதைக்கும் 1872இல் இப்படியொரு பிசின்தான் கிடைத்தது என்றும், அவர் அதனை உதவாதது என ஒதுக்கிவிட்டார் என்றும் பின்னர் படித்தேன். மனம் சற்று ஆறியது. அந்த உதவாத பிசினைத் தேடிப் பின்னாளில் வந்தவரே லியோ பேக்லாண்ட்.

அன்னார் 1863 நவம்பர் 14ஆம் நாள் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் வீட்டு வேலை செய்தவர். நகரம் அளித்த உதவித்தொகையால் பல்கலைக்கழகம் புகுந்து, இருபத்தொரு வயதிலேயே முனைவர் பட்டம் பெற்றார். தம் பேராசிரியரின் மகளான செலினை 1889இல் மணந்து, அவ்வாண்டே அமெரிக்கா சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். விளக்கொளியிலேயே படம் அச்சிடக்கூடிய வெலாக்ஸ் என்னும் புகைப்படத் தாளைச் செய்தார். 1899இல் ஈஸ்ட்மன் அதன் உரிமையை வாங்கிக்கொண்டார். விலை ஏழரை இலட்சம் டாலர் என்பர். வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பார். இவரோ யாங்கர்ஸ் நகரில் வாங்கிய மாளிகையை ஒட்டி ஓர் ஆய்வகம் அமைத்துக்கொண்டார்.

அக்காலத்தில் மின்சாரத் தொழிலுக்கு அரக்கு தேவைப்பட்டது. நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கை நம்பியே மேனாட்டு மின்கம்பிகள் இருந்தன என்பதை அறியும்பொழுது வியப்பு மேலிடுகிறது. அதற்கு மாற்றுத் தேடியே பேக்லாண்ட் பீனாலைக் கையிலெடுத்தார். முதலில் செய்த பிசின் விலைபோகவில்லை. பிறகுதான் மரத்தின்மேல் அவர் எண்ணம் சென்றது. மேலே பூசுவதைவிட உள்ளே ஊறச்செய்தால், மென்மரமும் வன்மரம் ஆகாதா? 1907ஆம் ஆண்டுக் கோடையில் மரத்துண்டுகளைக் கலவையில் ஊறவைத்து, மூடிய கலங்களில் சூடாக்கினார். பீனாலும் பார்மால்டிஹைடும் சூட்டில் நுரைத்துப் பொங்கும். அழுத்தம் கொடுத்தால் அந்நுரை அடங்கும் எனக் கண்டார். அழுத்தத்தில் இறுகிய பிசின் மீண்டும் உருகவில்லை, எதிலும் கரையவுமில்லை. மரம் பின்னே போயிற்று. பிசின் முன்னே வந்தது. அவ்வாண்டு ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1909 பிப்ரவரியில் அமெரிக்க வேதியியலார் முன் பேக்கலைட்டை அறிவித்தார். நம் வீட்டுப் பழைய கறுப்புச் சுவிட்சுகள் அதன் வாரிசுகளே.

விட்டுப்போன மரம் அவரை விடவில்லை. ஒட்டுப்பலகைக்கு அந்நாளில் விலங்கின் இரத்தமும் பாற்கட்டிப் புரதமும் சோயாவுமே பசை. நீர் பட்டால் கழன்றுவிடும். 1934இல் அமெரிக்காவின் அபர்தீன் நகரில் ஜேம்ஸ் நெவின் என்னும் வேதியியலார் நீருக்கு அசையாத ஒட்டுப்பசையைச் செய்து முடித்தார். வெளிப்புறப் பலகைகளை இன்று பிணைப்பது பெரும்பாலும் பீனால் பிசினே. பேக்லாண்ட் இதையெல்லாம் எவ்வளவு பொருட்படுத்தினார் என்பது ஐயமே. முதுமையில் தனிமையை நாடி, தகரப் பெட்டி உணவையே உண்டு வாழ்ந்தவர், 1939இல் நிறுவனத்தை விற்றுவிட்டு, 1944 பிப்ரவரி 23இல் மறைந்தார்.

என் தந்தையார் தச்சர். தேக்கும் வேம்பும் பலாவும்தாம் அவருக்கு மரம். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வளர்க்கும் தைலமரத்தை அவர் விறகு என்றே கூறுவார். காரணமும் உண்டு. அறுத்துப் போட்டால் முனை வெடிக்கும், காய்ந்தால் முறுகும். நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று ஊரார்க்கு வேறு அதன்மேல் வருத்தம். ஆனால் உருளையைச் சுழலவிட்டு, பென்சில் சீவுவதுபோல் மெல்லிய ஏடுகளாக உரித்து, ஓர் ஏட்டின் இழை அடுத்த ஏட்டின் இழைக்குக் குறுக்கே ஓடுமாறு அடுக்கி, பிசினிட்டுச் சூட்டில் அழுத்தினால் அந்த முறுக்கு ஒன்றையொன்று தடுத்து நின்றுவிடும். அரியானாவின் யமுனாநகரில் உழவர் வளர்த்த தைலமரமும் பாப்ளரும் இவ்வாறே பலகையாகின்றன. நம் தைலமரமோ பெரும்பாலும் காகித ஆலைக்கே போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆதனக்கோட்டையில் முந்திரி உடைக்கும் என் அத்தையின் விரல்களைக் கறுக்க வைக்கும் அந்த ஓட்டெண்ணெயும் பீனால் இனத்தைச் சேர்ந்ததே! பீனாலில் ஒரு பகுதிக்கு மாற்றாக அதனைச் சேர்த்து ஒட்டுப்பலகைப் பிசின் செய்யும் ஆய்வு பெங்களூரிலேயே நடந்திருக்கிறது. மரமும் பிசினும் நம் மாவட்டத்திலேயே இருக்க, ஒன்றைக் கூழாக்க அனுப்புகிறோம்; மற்றதைப் பெரும்பாலும் அடுப்பில் எரிக்கிறோம்.

தந்தையார் இதனை நம்பவில்லை. எங்கள் குளியலறைக்கு மலிவாக வாங்கிய பலகைக் கதவு முதல் மழையிலேயே வாழைப்பட்டைபோல் பிரிந்தது அவர் கண்முன் இருந்தது. கப்பலுக்கான பலகையை எழுபத்திரண்டு மணிநேரம் கொதிக்க வைத்துச் சோதிப்பார்கள் என்று கூறி, அக்கதவின் துண்டு ஒன்றையும் பீனால் பிசினிட்ட தைலமரப் பலகைத் துண்டு ஒன்றையும் பழைய சருவத்தில் போட்டு ஒரு பகல் முழுதும் கொதிக்க வைத்தேன். விறகு வீணாயிற்று என்று அம்மா திட்டினார். மாலையில் கதவுத்துண்டு ஏடேடாக மிதந்தது. மற்றதைத் தந்தையார் எடுத்து, உளிமுனையால் ஒட்டில் நெம்பினார். மரம்தான் பிய்ந்தது, ஒட்டு விடவில்லை. சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சதுரஅடி என்ன விலை என்று கேட்டார்.