குருவியை சுட்ட சிறுவன் பறவைகளின் காவல்காரன் ஆனான்!

பம்பாயில் 1896-ம் ஆண்டு பிறந்தவர் சலீம் அலி. 3 வயதுக்குள் தாய்-தந்தை இருவரும் போய்விட்டார்கள். மாமா வீட்டில்தான் வளர்ந்தார்.

ஒருநாள் விளையாட்டு துப்பாக்கியால் குருவி ஒன்றை சுட்டு வீழ்த்தினான் சிறுவன். பார்த்தால், கழுத்தில் மஞ்சள் திட்டு! மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்று சங்கத்துக்கு அனுப்பி வைத்தார்.

அங்கிருந்த வெள்ளைக்கார துரை மில்லார்டு, பாடம் செய்த பறவைகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். பையன் சொக்கிப் போனான். அன்று பிடித்த பறவை பைத்தியம் சாகும்வரை விடவில்லை.

ராஜஸ்தானில் பரத்பூர் சதுப்பு நிலம், மகாராஜாவின் வேட்டைக்காடு. 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ கோஷ்டி ஒரே நாளில் 4,273 பறவைகளை சுட்டுத் தள்ளியது இங்கேதான். சைபீரியாவில் இருந்து வந்த அபூர்வ வெள்ளை கொக்குகளுக்கும் 2002 வரை இதுதான் குளிர்கால வீடாக இருந்தது.

சுதந்திரத்துக்கு பிறகு வேறு ஆபத்து வந்தது. தண்ணீரை திருப்பி வயலாக்க வேண்டும் என்று கோரிக்கை கிளம்பியது. சலீம் அலி சும்மா இருப்பாரா? பிரதமர் நேரு வரை போய் தடுத்தார். சதுப்பு நிலம் தப்பியது. 1982-ல் தேசிய பூங்கா ஆனது.

1987-ல், 90 வயதில் சலீம் அலி காலமானார். கோவை ஆனைகட்டியில் பறவை ஆராய்ச்சி மையம் அவர் பெயரில் இருக்கிறது.