பாண்டித்துரைத் தேவர்

மக்கட்கு நிலமும் பொன்னும் தேடி வைப்பார் பலர். நாட்டிற்கே கல்வி தேடி வைத்தார் ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பாலவநத்தம் ஜமீன்தாராகிய பாண்டித்துரைத் தேவர் 1867-ஆம் ஆண்டு பிறந்தார். புலவரைப் போற்றிய தந்தையார் பொன்னுசாமித் தேவரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். ஆயினும் அவர்தம் தமிழ்ப்பற்று மைந்தரை விட்டு நீங்கிற்றில்லை.

ஒருகால் மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்த தேவர் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்ட, சங்கம் வளர்த்த அந்நகரில் அவை எளிதிற் கிடைத்தில என்பர். அது அவர் நெஞ்சைச் சுட்டது. வடமொழி கற்பார்க்குத் திருவையாறு முதலிய இடங்களிற் கல்லூரிகள் இருந்தன. தமிழ் கற்பாரோ பெரும்பாலும் புலவரொருவரை நாடிச் சென்று, அவர் இல்லத் திண்ணையிற் காத்திருந்து கற்றனர்; அப்புலவர் மறையின் பாடமும் உடன் மறைந்தது.

இக்குறை நீங்க, 1901 செப்டம்பர் 14-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். பாஸ்கர சேதுபதி மன்னர் துணைநின்றார். செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சகம், செந்தமிழ்ப் பத்திரிகை என்பன அதன் உறுப்புக்களாயின. வடமொழியும் வல்ல இரா. இராகவையங்கார் முதற் பத்திராசிரியராயினார். தமிழ்த்தொண்டு வடமொழிக்குப் பகையன்று என்பது இதனாற் புலனாம். சங்கம் நடாத்திய பண்டிதத் தேர்வுகளால், செல்வர் ஆதரவில்லா ஏழை மாணவனும் தன் புலமைக்குச் சான்று பெற்றான்.

1911 டிசம்பர் 2-இல், 44-ஆம் அகவையில், தேவர் மறைந்தார். ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-இல் வந்தது. அவர் கண்ட கல்லூரியோ இன்றும் பாடஞ் சொல்கின்றது. செல்வத்தில் எப்பகுதி நிலைக்கும் என்பதை நம் இல்லந்தோறும் எண்ணிப் பார்ப்போமாக.