திண்டுக்கல்லில் ஹைதர் அலி அமைத்த ஆயுதச்சாலை

திப்பு சுல்தானின் ராக்கெட்டுகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அவருடைய தந்தை ஹைதர் அலி நமது திண்டுக்கல்லில் செய்து வைத்த வேலையை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

கோலார் அருகே பூதிக்கோட்டையில் பிறந்தவர் ஹைதர் அலி. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. மைசூர்ப் படையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த அவர், 1755இல் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக நியமிக்கப்பட்டார். பாளையக்காரர்களை அடக்குவதுதான் அவருக்கு இடப்பட்ட பணி. அதோடு அவர் நிற்கவில்லை. பிரெஞ்சுப் பொறியாளர்களை வரவழைத்து, பீரங்கிப் படையையும் ஆயுதச்சாலையையும் அங்கே உருவாக்கினார். பிறரிடம் கையேந்தும் படை நிலைக்காது என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

1761இல் மைசூரின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. ராக்கெட் படை பெருகியது. மூங்கிலிலும் காகிதத்திலும் செய்த பழைய வாணங்களுக்குப் பதில் இரும்புக் குழாய்கள் வந்தன. இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. ராக்கெட் வெகு தூரம் பாய்ந்தது.

ஆனாலும் வெளியிலிருந்து வரும் ஆயுதங்களின் தேவை முற்றிலும் தீரவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் தளவாடங்கள் மாஹி துறைமுகம் வழியாகத்தான் அவருக்கு வந்தன. 1779இல் ஆங்கிலேயர் மாஹியைப் பிடித்தார்கள். அந்த வழி அடைபட்டதே இரண்டாம் மைசூர்ப் போருக்கு ஒரு முக்கியக் காரணம்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை சூழப்பட்டது. அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி சரணடைந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெடிப்பு இன்றும் ஓவியமாக இருக்கிறது. அருகில் காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி மன்றோ, தன் கனரக பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். பக்சார் போரில் வென்று பெயரெடுத்தவர் அவர்!

போர் முடியுமுன்பே, 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் அலி வஃபாத்தானார். முதுகில் வந்த ராஜபிளவைதான் காரணம். மலபாரிலிருந்து திப்பு வந்து சேரும்வரை படையினருக்குக்கூட அது தெரிவிக்கப்படவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்து கும்பஸில் அவர் அடக்கமாகியிருக்கிறார்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் ஊல்விச் ஆயுதச்சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டன. வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கியது அவற்றைப் பார்த்துத்தான்.